முதல் கட்ட டிரையலில் சேரக் கேட்கிறார்கள்: ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

தெற்குச்சாளரம்

எனக்கு ஹெபடைடிஸ் பி பல வருடமாக இருக்கிறது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்பது டாக்டரின் கணிப்பு. தினம் ஒரு டெனோஃபோவிர். வைரல் லோட் இப்போது எந்த ரிப்போர்ட்டிலும் தெரிவதில்லை, கல்லீரல் நொதியான ஏஎல்டி நார்மல், கல்லீரலின் இறுக்கத்தைப் பார்க்கிற ஃபைப்ரோஸ்கேனும் பயப்படும்படி இல்லை. வைரஸின் மேலுறைப் புரதமான எச்பிஎஸ்ஏஜி மட்டும் பாசிட்டிவ், அளவு 2,400 பக்கம்.

போன தடவை செக்கப்புக்குப் போனபோது டாக்டர் ஒரு டிரையல் பற்றிப் பேச்செடுத்தார். எஸ்ஐஆர்என்ஏ வகை ஊசியாம். ஆரோக்கியமானவர்களிடம் போட்டுப் பார்த்துவிட்டார்கள், அடுத்து நோயாளிகளிடம் போகிறார்கள், உங்கள் ரிப்போர்ட் பொருந்துகிறது என்றார். ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து, வீட்டில் நிதானமாகப் படியுங்கள், அவசரமில்லை என்றும் சொன்னார். படித்தேன். பாதி புரிந்தது. புரிந்ததில் பாதி பயமாக இருந்தது.

கேள்வி இதுதான். மாத்திரையால் நன்றாக இருக்கும் ஒருவர் இதில் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் குணமாகுமா?

வழிப்போக்கன்

குணமாகாது. தலையைக் கொடுக்கவும் வேண்டாம். எலிக்குப் போக்குவரத்துப் படி கிடையாது, உங்களுக்கு உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆய்வகவாசி

வழிப்போக்கனின் முதல் வார்த்தையோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் கட்டத்தில் சேருகிறவர் குணமாகப் போகிறோம் என்று நினைத்துச் சேரக் கூடாது. அந்தக் கட்டம் கேட்கிற கேள்வியே வேறு. இந்த மருந்தை மனித உடம்பு தாங்குமா, எந்த டோஸ் வரை தாங்கும், உடம்பில் எவ்வளவு காலம் தங்குகிறது. வைரஸ் பக்கம் ஏதாவது அசைவு தெரிந்தால் அது கூடுதல் லாபம்.

ஆனால் 'நன்றாக இருக்கும் ஒருவர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் போய்த் தன் டிஎன்ஏ-வை மூடிய வளையமாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. சிசிசிடிஎன்ஏ என்பது அதைத்தான். டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் தடுப்பது வைரஸின் நகலெடுக்கும் நொதியை. நகல் இயந்திரம் நிற்கிறது, மூலப்பிரதி பூட்டிய அறையில் பத்திரமாக இருக்கிறது. மாத்திரையை விட்டால் பலருக்கு வைரஸ் திரும்ப வருவது அதனால்தான். போதாக்குறைக்கு, வைரஸ் டிஎன்ஏ-வின் துண்டுகள் நம் குரோமோசோமிலேயே அங்கங்கே செருகிக்கொண்டிருக்கும். அவற்றிலிருந்தும் எச்பிஎஸ்ஏஜி உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்களில் அது தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு, ஏறக்குறைய. மாத்திரை கல்லீரல் புற்றுநோய் அபாயத்தை நன்றாகவே குறைக்கிறது, ஆனால் பூஜ்யமாக்குவதில்லை.

அதனால் இப்போது எல்லோரும் துரத்துவது செயல்பாட்டுக் குணம். எல்லா சிகிச்சையையும் நிறுத்தி 24 வாரம் கழித்தும் எச்பிஎஸ்ஏஜி-யும் வைரஸ் டிஎன்ஏ-வும் ரத்தத்தில் தென்படக் கூடாது. வளையம் உள்ளே கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சரி, நோய் எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைத்தால் போதும் என்கிற கணக்கு.

உங்களுக்குச் சொன்ன எஸ்ஐஆர்என்ஏ வைரஸின் ஆர்என்ஏ-வைத் தேடிச் சிதைக்கிற மருந்து. கேல்நேக் என்கிற சர்க்கரையை ஒட்டி அனுப்புவதால் நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். எச்பிஎஸ்ஏஜி வெள்ளமாக ரத்தத்தில் ஓடும்வரை நம் எதிர்ப்பு செல்கள் மழுங்கிக் கிடக்கின்றன, வெள்ளம் வடிந்தால் அவை விழிக்கலாம் என்பது இதன் பின்னால் உள்ள யோசனை. விழிக்க'லாம்'. அங்கேதான் எல்லாமே தொங்குகிறது.

தெற்குச்சாளரம்

நன்றி. படிவத்தில் '1 லாக் குறைவு எதிர்பார்க்கப்படுகிறது' என்று வருகிறது. என் 2,400 எவ்வளவாகும்?

ஆய்வகவாசி

ஒரு லாக் என்றால் பத்தில் ஒரு பங்கு. 240. இரண்டு லாக் என்றால் 24. கேட்க அபாரமாக இருக்கும், ஆனால் 24 என்பதும் பாசிட்டிவ்தான். கடைசி கொஞ்சம்தான் போகவே போகாது.

கையில் உள்ள நல்ல எண்ணைத் தருகிறேன். பெபிரோவிர்சென் என்கிற ஆன்டிசென்ஸ் மருந்து, இதுவும் வைரஸின் ஆர்என்ஏ-வைத்தான் குறிவைக்கிறது, எஸ்ஐஆர்என்ஏ-வுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதன் இரண்டாம் கட்ட (2பி) ஆய்வான பி-கிளியரின் முடிவு 2022-ல் வெளியானது. 457 பேர். வாரம் 300 மில்லிகிராம் வீதம் 24 வாரம் போட்டுக்கொண்ட குழுவில், ஊசியை நிறுத்தி 24 வாரம் கழித்தும் எச்பிஎஸ்ஏஜி-யும் டிஎன்ஏ-வும் இல்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 9, 10 பேர். தொடக்கத்தில் எச்பிஎஸ்ஏஜி குறைவாக இருந்தவர்களுக்குத்தான் அதிகம் பலித்தது. மூன்றாம் கட்டத்துக்கு 3,000-ஐத் தாண்டாதவர்களை மட்டும் எடுத்ததும் அதனால்தான். உங்கள் 2,400-ஐப் பார்த்து டாக்டர் 'பொருந்துகிறது' என்றதிலும் இந்த மாதிரிக் கணக்கு ஏதாவது இருக்கும்.

வழிப்போக்கன்

நூற்றுக்குப் பத்து. அதுவும் இரண்டாம் கட்டத்தில். முதல் கட்டத்தில் ஒரு டோஸ், இரண்டு டோஸ் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

சரி, எல்லோரும் இனிமையாகப் பேசுவதால் நான் ஒரு கதை சொல்கிறேன். கதையல்ல, நடந்தது. ஃபயலுரிடின் என்கிற மருந்து. 1993. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், இதே ஹெபடைடிஸ் பி-க்கு, 15 நோயாளிகள். விலங்குகளில் பார்த்தாயிற்று, மனிதர்களிடம் இரண்டு வாரம், நான்கு வாரம் கொடுத்தும் பார்த்தாயிற்று, வைரஸ் சரசரவென்று இறங்குகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். நீண்ட நாள் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் ஆகிற சமயத்தில் ஒருவருக்குக் கல்லீரல் செயலிழப்பு. உடனே எல்லோருக்கும் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் சேதம் நிற்கவில்லை. ஏழு பேருக்குக் கல்லீரல் போனது. ஐந்து பேர் இறந்தார்கள். மற்ற இருவர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள்.

அந்தப் பதினைந்து பேரும் தெற்குச்சாளரம் மாதிரி நடமாடிக்கொண்டு இருந்தவர்கள்தான்.

ஊதாப்பேனா

இந்தத் துறையில் டிரையல் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எந்த மருந்து, எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

வழிப்போக்கன் அண்ணா, ஃபயலுரிடின் பற்றி நீங்கள் எழுதியது அப்படியே சரி. எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற சம்பவம் அது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தினால் எப்படி? அதற்குப் பிறகு என்ன மாறியது என்பதையும் ஆய்வகவாசி சொல்லட்டும். நான் என் பக்கத்து வேலையைச் சொல்கிறேன்.

முதல் கட்டத்தில் ஒரு குழுவில் சிலர்தான் இருப்பார்கள், பெரும்பாலும் பத்துக்குள். டோஸ் மிகக் குறைவாகத் தொடங்கும். குழுவிலும் எல்லோருக்கும் ஒரே நாளில் போட மாட்டோம். முதலில் இரண்டு பேர், ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி ஊசி. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது. குறைந்தது ஒரு நாள் அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த வழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு விபத்து உண்டு. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்கிற மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவது ஆளுக்குப் போட்டிருந்தால் ஒருவரோடு போயிருக்கும். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள் என்பது மட்டும் ஆறுதல்.

மருந்து போடும் நாள் எப்படி இருக்கும் என்றால், சலிப்பாக இருக்கும். காலையில் வந்ததும் கையில் கேனுலா. ஊசிக்கு முன் ஈசிஜி, ஒன்றல்ல மூன்று, நிமிட இடைவெளியில். பிறகு ஊசி, வயிற்றுத் தோலுக்கு அடியில், சில நொடிகளில் முடிந்துவிடும். அதன் பிறகு ரத்தம். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று அட்டவணை போகும். குறித்த நேரத்தைவிடச் சில நிமிடம் தள்ளிப்போனாலும் அதை விலகல் என்று பதிவு செய்து காரணம் எழுத வேண்டும். அதனால்தான் நீங்கள் கழிவறைக்குப் போகும்போதுகூட நர்ஸ் கடிகாரத்தைப் பார்ப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். எடுத்த குழாயை உடனே குளிர வைத்து, சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும், தாமதித்தால் அந்த மாதிரி வீண்.

ஒவ்வொரு டோஸ் அளவும் முடிந்ததும் பாதுகாப்புக் குழு எண்களைப் பார்க்கும். அவர்கள் சரி என்று சொன்னால்தான் அடுத்த குழுவுக்குக் கூடுதல் டோஸ்.

ஆய்வகவாசி

ஊதாப்பேனா சொன்னதைத் தொடர்கிறேன்.

ஃபயலுரிடினில் விலங்குகள் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அங்கே உள்ள டிஎன்ஏ-வைக் கெடுத்தது. உள்ளே போக ஒரு கடத்திப் புரதம் வேண்டும். மனித மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் அது இருக்கிறது, எலியில் இல்லை. அதனால் எலிக்கு அந்த வழியில் கேடு வராது. மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்த எலிகளிடம் 2014-ல் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கும் கல்லீரல் போனது. இருபது வருடம் கழித்து.

அதற்குப் பிறகு, ஃபயலுரிடின் மாதிரி டிஎன்ஏ-வின் கட்டுமானக் கல்லைப் போல நடிக்கிற நியூக்ளியோசைடு வகை மருந்து எதுவானாலும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறதா என்று மனித செல்லில் பார்க்காமல் மேலே போவதில்லை. உங்களுடையது வேறு வகை, நியூக்ளியோசைடு அல்ல. அதனால் அதே விபத்து அதே வழியில் வராது. வேறு வழியில் வரலாமா? வரலாம். ஏஆர்சி-520 என்கிற முன்னோடி எஸ்ஐஆர்என்ஏ மனிதர்களிடம் டிரையலில் இருந்தபோது, அதைக் கல்லீரல் செல்லுக்குள் கொண்டுபோகிற அதே கடத்து பொருளை அதிக டோஸில் வாங்கிய குரங்குகள் இறந்தன. 2016 நவம்பரில் மொத்தத்தையும் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவை கேல்நேக் வழிக்குப் போய்விட்டன.

ஆனால் தோற்ற அந்த மருந்துதான் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. சில நோயாளிகளுக்கு எச்பிஎஸ்ஏஜி எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. ஏன் என்று சிம்பன்சிகளையும் சேர்த்துத் துருவினால், குரோமோசோமில் செருகிக்கொண்ட துண்டுகளிலிருந்தும் எச்பிஎஸ்ஏஜி வருகிறது, மருந்து குறிவைத்த இடம் அந்தத் துண்டுகளில் இல்லை என்று தெரிந்தது. இன்றைய எஸ்ஐஆர்என்ஏ-க்கள் இரண்டு ஊற்றையும் அடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது அதன் பிறகுதான். அந்த டிரையலுக்குப் போனவர்களின் ரத்தம் இல்லாமல் இது தெரிந்திருக்காது.

முன்பேபோனவள்

நான் எஸ்ஐஆர்என்ஏ டிரையலில் இருந்தவள். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் சிவந்திருந்தது, அவ்வளவுதான் எனக்கு. எச்பிஎஸ்ஏஜி ஆயிரங்களிலிருந்து நூறுக்குக் கீழே வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த அன்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. கடைசியில் பழைய அளவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

இரண்டு விஷயம் யாரும் எனக்கு முன்கூட்டி அழுத்திச் சொல்லவில்லை. ஒன்று, இந்த ஊசியின் வேலை பல மாதம் நீடிக்கும். பக்கவிளைவு வந்தால் நாளை மாத்திரையை விடுகிற மாதிரி விட முடியாது, உள்ளே போனது போனதுதான். இரண்டு, அதனாலேயே அடுத்து வந்த வேறொரு டிரையலில் என்னைச் சேர்க்கவில்லை. எஸ்ஐஆர்என்ஏ ஏற்கெனவே வாங்கியவர்களை எடுக்க மாட்டோம் என்றார்கள். முதல் வண்டியில் ஏறியதால் இரண்டாவது வண்டி போய்விட்டது.

அப்புறம் ஒரு மனக்குறை. மொத்த ஆய்வின் முடிவு என்ன ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மருந்தைத் தொடரவில்லை என்பதை இணையத்தில் செய்தியாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு கடிதம் போட்டிருக்கலாம்.

திரும்பவும் கேட்டால் சேருவேனா? சேருவேன். ஆனால் எந்த வண்டி என்று பார்த்து ஏறுவேன்.

வழிப்போக்கன்

முன்பேபோனவள் சகோதரி, உங்களைப் பற்றி எனக்கு ஒரு விமர்சனமும் இல்லை. நான் கோபப்படுவது ஆள் சேர்ப்பவர்கள் மேல். 'புதிய சிகிச்சை' என்று போஸ்டரில் போடுகிறார்கள். சிகிச்சையா அது?

ஊதாப்பேனா

அந்தச் சொல்லை எங்கள் நெறிமுறைக் குழு வெட்டிவிடும். 'ஆய்வு மருந்து' என்றுதான் எழுத வேண்டும். சில இடங்களில் தப்பி வருகிறது என்பதை மறுக்க மாட்டேன்.

தெற்குச்சாளரம், நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இதுவரை யாரும் தொடவில்லை. உங்கள் டெனோஃபோவிரை எந்தக் கட்டத்திலாவது நிறுத்தச் சொல்வார்களா?

முதல் கட்டத்தில் பெரும்பாலும் மாத்திரை தொடரும், ஊசி அதன் மேல் கூடுதல். ஆனால் சில ஆய்வுகளில், முடிவில் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கும் பகுதி இருக்கும். குணமாயிற்றா என்று தெரிய வேறு வழி கிடையாதே. ரீஃப்-2 என்கிற இரண்டாம் கட்ட ஆய்வில் அப்படித்தான் எல்லோருக்கும் நிறுத்தினார்கள், பிளாசிபோ வாங்கியவர்களுக்கும். அந்த பிளாசிபோ பிரிவில் ஒருவருக்கு வைரஸ் சீறி எழுந்து, கல்லீரல் செயலிழந்து, மாற்று அறுவை வரை போனது. புது மருந்தை ஒரு சொட்டுகூட வாங்காதவர். ஊசியைப் பார்த்து மட்டும் பயப்படுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

நிறுத்தும் பகுதி இருந்தால் மேலும் கேளுங்கள்: எந்த எண்ணுக்கு வந்தால் நிறுத்துவீர்கள், நிறுத்தியபின் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பீர்கள், எந்த ஏஎல்டி-யில், எந்த வைரல் லோடில் திரும்பத் தொடங்குவீர்கள், பிளாசிபோக்காரர்களுக்கும் நிறுத்துவீர்களா. இதற்குப் பதில் எண்ணாக வர வேண்டும். 'டாக்டர் பார்த்துக்கொள்வார்' என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வகவாசி

இதில் இன்னொரு சிக்கல், ஏஎல்டி ஏறுவது இந்த நோயில் இரண்டு அர்த்தம் கொடுக்கும். எதிர்ப்பு செல்கள் விழித்து வைரஸ் உள்ள செல்களை அழித்தாலும் ஏறும், மருந்தே கல்லீரலைக் கெடுத்தாலும் ஏறும். முதலாவது நல்ல சகுனமாகக்கூட இருக்கலாம், இரண்டாவது ஆபத்து. எச்பிஎஸ்ஏஜி கூடவே விழுகிறதா, பிலிரூபின் ஏறுகிறதா, ரத்தம் உறையும் நேரம் நீள்கிறதா என்று பக்கத்து எண்களை வைத்துத்தான் பிரிக்க முடியும். வைரஸின் உள்ளோட்டைக் (கேப்சிட்) குறிவைக்கிற ஏபிஐ-எச்2158 என்கிற மருந்து இரண்டாம் கட்டத்தில் 2021-ல் நின்றது ஏஎல்டி ஏறியதால்தான்; மருந்தின் வேலை என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்து நிறுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள், வழிப்போக்கன்.

சாம்பல்நிறம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறுவது, தொடக்க நிலை என்கிறார்கள். இந்த மாதிரி டிரையலில் எனக்கு இடம் உண்டா? எனக்குத்தானே அவசரம் அதிகம்?

ஊதாப்பேனா

நியாயமான கேள்வி, கசப்பான பதில். முதல் கட்டத்தில் அநேகமாக எடுக்க மாட்டார்கள். ஏஎல்டி கொஞ்சம் எகிறினாலும் தாங்குகிற கல்லீரலாக இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள், அதனால் ஃபைப்ரோஸ்கேனில் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் சி, டி சேர்ந்து இருந்தாலும் பொதுவாக இடமில்லை. நீங்கள் மாத்திரையை ஒரு நாளும் விடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனை விடாமல் இருங்கள். இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல.

வழிப்போக்கன்

மரபணுவை வெட்டுகிற மருந்தும் வந்துவிட்டது என்கிறார்களே, அது எப்படி?

ஆய்வகவாசி

வந்துவிட்டது என்றால் முதல் கட்டத்துக்கு. வளையத்தையே வெட்டப் பார்க்கிற பிபிஜீன்-எச்பிவி மனிதர்களிடம் 2024-ல் தொடங்கியது. மூலப்பிரதி மேலேயே கை வைப்பதால் எனக்கு அதில் ஆர்வம் அதிகம், பயமும் அதிகம். எஸ்ஐஆர்என்ஏ பல மாதத்தில் கரைந்துவிடும், வெட்டு கரையாது. நம் டிஎன்ஏ-வில் தவறான இடத்தில் வெட்டு விழுந்ததா என்று பல வருடம் பார்க்க வேண்டும். மரபணுத் திருத்த மருந்துகளுக்கு 15 வருடம் வரை கண்காணிக்கச் சொல்கிறது அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு. மாத்திரையால் அடங்கியிருக்கிற ஒருவர் அதற்கு முதல் ஆளாகப் போக வேண்டுமா என்று கேட்டால், இன்றைக்கு நான் இல்லை என்பேன். எஸ்ஐஆர்என்ஏ-வுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

தெற்குச்சாளரம்

எல்லோருக்கும் நன்றி. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய் ஆய்வு டாக்டரிடம் உட்கார்ந்தேன்.

மாத்திரையை நிறுத்தும் பகுதி இந்த ஆய்வில் கிடையாது, ஊசி முடிந்த பிறகும் டெனோஃபோவிர் தொடரும். ஏஎல்டி எவ்வளவு ஏறினால் அடுத்த ஊசி கிடையாது என்பதற்கு எண் படிவத்திலேயே இருக்கிறது, எனக்குத்தான் கண்ணில் படவில்லை, அவர் விரல் வைத்துக் காட்டினார். மொத்த முடிவைப் பங்கேற்றவர்களுக்கு எழுத்தில் அனுப்புவார்களா என்று கேட்டதற்கு, 'கேட்டுச் சொல்கிறேன்' என்றார். முன்பேபோனவள், இது உங்களால் கேட்ட கேள்வி. அடுத்த டிரையலுக்கு இது தடையாகுமா என்றதற்கு, ஆகலாம், குறைந்தது ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்.

ஸ்கிரீனிங்குக்கு ரத்தம் கொடுத்துவிட்டேன். ஆனால் இப்போதைய குழு நிரம்பிவிட்டதாம். அடுத்த குழுவில் சேர்க்கிறோம், அதில் டோஸ் அதிகம் என்கிறார்கள். அதிக டோஸ் என்றால் அபாயமும் அதிகம்தானே? ஒதுங்கிவிடலாமா?

வழிப்போக்கன்

டாக்டர் ஒளிக்காமல் பேசுகிறார் என்பது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். என் கருத்து மாறவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள்.

ஊதாப்பேனா

டோஸ் அதிகம், உண்மை. ஆனால் உங்களுக்கு முன்னால் குறைந்த டோஸ் வாங்கியவர்களின் எண்கள் கையில் இருக்கும். முதல் குழுவில் போகிறவருக்கு நோயாளிகளிடமிருந்து வந்த எண் ஒன்றுமே கிடையாது. எது மேல் என்பது அந்த எண்களைப் பொறுத்தது.

அதனால் கூப்பிடும்போது இரண்டு கேளுங்கள். முந்தைய குழுவைப் பார்த்துவிட்டுப் பாதுகாப்புக் குழு என்ன சொன்னது? ஒப்புதல் படிவம் திருத்தப்பட்டிருக்கிறதா? புதிதாக ஏதாவது பக்கவிளைவு தெரிய வந்திருந்தால் திருத்திய பதிப்பில் சேர்த்திருக்க வேண்டும், மேலே பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். அப்படித் திருத்தியிருந்தால் உங்கள் கையில் இருப்பது பழைய பதிப்பு. அதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது, புதியதைப் படித்துத் திரும்பப் போட வேண்டும். போடாமலும் இருக்கலாம். ஊசி போட்ட பிறகுகூட எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினாலும் பாதுகாப்புக்கான ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் கடைசிவரை போய் வாருங்கள்.